மிளகுப் பை ஏறிய ரயில்கள்

கொல்லிமலையின் அரியூர் நாட்டு மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றிக்கொண்டுதான் மேலே ஏறுகிறது. அந்த மரமும் ஊர்க்காரன் அல்ல, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவன். காப்பிக்கு நிழலாகும் என்று நட்டார்கள்; மிளகுக்குக் கொழுகொம்பும் ஆகிவிட்டது. தை, மாசியில் ஏணி சாத்திச் சரம் சரமாகப் பறித்து, மணியை உதிர்த்து, தார்ப்பாயிலோ சிமெண்டுக் களத்திலோ பரப்புவார்கள். சில நாள் வெயிலில் பச்சை கறுத்துச் சுருங்கும். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஒரு கிலோ தேறும்.

அதில் பெரும்பங்கு மூட்டையாகச் சந்தைக்குப் போய் வியாபாரி கைக்கு மாறிவிடும். அது விலைவாசிக் கதை. நாம் பின்தொடரப்போவது வீட்டில் எடுத்துவைத்த சின்னப் பையை. மகனோ மருமகனோ வேலைக்காகச் சிங்கப்பூர் கிளம்பும்போது, ‘அங்கே கிடைக்கிறதெல்லாம் காரமே இருக்காது’ என்று பெட்டிக்குள் திணிக்கப்படும் பை அது.

முதல் கட்டம், காரவள்ளிக்கு இறங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். இந்தக் கட்டத்துக்கு இன்றுவரை பஸ்ஸோ ஜீப்போதான். அடிவாரத்தைத் தாண்டி நாமக்கல் போனால் ரயில் உண்டு. ஆனால் அந்த ரயிலுக்கு வயசு அதிகமில்லை. சேலம் – கரூர் பாதை 2013-இல்தான் திறந்தது. மாவட்டத் தலைநகராகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் நாமக்கல் ரயிலைக் கண்டது. இப்போது பாலக்காட்டிலிருந்து பழனி வழியாக வரும் ரயிலில் இரவு ஏறிப் படுத்தால் விடிகாலையில் சென்னை சென்ட்ரல்.

சென்ட்ரலிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் போவதுதான் ஒருகாலத்தில் பெரும்பாடு. ரயில் இல்லாமல் இல்லை. கடற்கரை – தாம்பரம் மின்சார ரயில் 1931 முதல் ஓடுகிறது. விமான நிலையத்துக்கு நேர் எதிரே திரிசூலம் நிலையமும் இருக்கிறது. ஆனால் சென்ட்ரலில் இறங்கி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, பார்க் ஸ்டேஷன் படியேறி, ஆபீஸ் போகும் கூட்டத்தில் பெட்டியோடு நெருக்கி நின்று, திரிசூலத்தில் இறங்கி, மறுபடியும் ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டும். மலிவு இன்றைக்கும் அதுதான். முப்பது கிலோ பெட்டியோடு எட்டரை மணிக்கு அதில் ஏறிப் பார்த்தவர்கள் மலிவைப் பற்றிப் பேசுவதில்லை.

2016 செப்டம்பரில் மெட்ரோ விமான நிலையத்தைத் தொட்டது. வேடிக்கை என்னவென்றால், அப்போது அது சென்ட்ரலைத் தொடவில்லை. சின்னமலையிலிருந்து வந்த அந்தத் தடத்தில் ஆலந்தூரில் மாறினால் கோயம்பேடு போகலாம், அவ்வளவுதான். ஆகவே முதலில் யோகம் அடித்தது பஸ்காரர்களுக்கு. நாமக்கல் பஸ்ஸில் வந்து கோயம்பேட்டில் இறங்கியவர் பெட்டியோடு நேரே மெட்ரோ ஏறினார். 2018 மே மாதம் சென்ட்ரலும் சேர்ந்தது, ஆனால் கோயம்பேட்டைச் சுற்றிக்கொண்டு. ஆயிரம் விளக்கு, எல்.ஐ.சி., அரசினர் தோட்டம் என்று அண்ணா சாலைக்கு அடியில் நேர்வழி திறந்தது 2019 பிப்ரவரியில். நாமக்கல்லுக்கு ரயில் வந்ததிலிருந்து கணக்கிட்டால், நம் பைக்குத் தண்டவாளம் ஒட்டுப்போட்டு முடிக்க ஆறு ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இன்று அந்தப் பை சென்ட்ரல் மெட்ரோவில் ஸ்கேனருக்குள் போய் வெளிவருகிறது, தரைக்கடியில் குளிர்காற்றில் சைதாப்பேட்டை வரை போகிறது, சின்னமலையில் வெயிலுக்கு ஏறுகிறது, கிண்டி, ஆலந்தூர், நங்கநல்லூர் சாலை, மீனம்பாக்கம் கடந்து விமான நிலையத்தில் நிற்கிறது. மெட்ரோவின் உச்சக் கட்டணம் 2021-இல் 70 ரூபாயிலிருந்து 50-ஆகக் குறைந்தது. விடிகாலையில் டாக்சி கேட்கும் தொகையை நினைத்துப் பாருங்கள்.

பஸ்காரர்களுக்கு வந்த யோகம் நிலைக்கவில்லை. 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையத்துக்குத் தென்திசைப் பேருந்துகள் மாறின. வரைபடத்தில் பார்த்தால் கோயம்பேடு போகிற வழியிலேயே விமான நிலையத்துக்கு முன்னால் இறக்கிவிடுகிறார்கள். ஆனால் அங்கே மெட்ரோ இல்லை. விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை சுமார் 15 கிலோமீட்டர் தடம் நீட்டும் திட்டம் பேச்சிலும் கோப்பிலும் இருக்கிறது. பேருந்து நிலையத்தை முதலில் கட்டிவிட்டு ரயிலைப் பிறகு யோசித்தது தலைகீழ் வேலை.

மறுகரையில் சிங்கப்பூரின் சாங்கி. அங்கே விமான நிலையத்துக்கு எம்.ஆர்.டி. ரயில் 2002 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. பை அங்கே ஏறி, ஒரே நிலையம் தள்ளி எக்ஸ்போவில் டவுன்டவுன் தடத்துக்கு மாறுகிறது. 2017 அக்டோபரிலிருந்து அந்தத் தடம் லிட்டில் இந்தியா வரை மாறாமல் கொண்டுபோகிறது. சைனாடவுன், பேஃப்ரன்ட் என்று ஒரு சுற்றுச் சுற்றித்தான் போகும். அவசரக்காரர்கள் ஜாலான் புசாரிலேயே இறங்கி நடந்துவிடுவார்கள். பையில் இருப்பது மிளகு என்பது நல்லதாயிற்று. டுரியான் பழத்தை அந்த ரயிலில் கொண்டுபோகத் தடை. கொல்லிமலைப் பலாப்பழத்தின் வாசனைக்கு என்ன சொல்வார்களோ!

கொல்லிமலைக்குப் பக்கத்தில் இருப்பது சென்னை அல்ல, சேலமும் திருச்சியும். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானமே உண்டு. 2024 ஜனவரியில் புது முனையமும் திறந்தாயிற்று. ஆனால் அந்த இரண்டு ஊர் விமான நிலையங்களுக்கும் ரயில் கிடையாது. மலையிலிருந்து பெட்டி தூக்கி வருகிறவர்களுக்கு உதவ வேண்டுமானால் தண்டவாளம் அடுத்துப் போக வேண்டிய இடம் திருச்சி.