ஹான் கெங்கின் முகமூடி

கொரியர் அல்லாத ஒருவர் கே-பாப் நட்சத்திரமாக முடியுமா? இன்னும் பலர் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். வரலாறு 2005லேயே பதில் சொல்லிவிட்டது: முடியும். ஆனால் அந்தக் கதவை எதற்காகத் திறந்தார்கள், உள்ளே போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

1990களிலேயே வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். 1996இல் அறிமுகமான எச்.ஓ.டி. குழுவின் டோனி ஆன் அமெரிக்காவிலிருந்து வந்தவர். அடுத்த ஆண்டு வந்த எஸ்.இ.எஸ். குழுவில் குவாமிலிருந்து யூஜின், ஜப்பானிலிருந்து ஷூ. ஆனால் எல்லாருமே கொரிய வம்சாவளியினர். வளர்ந்த ஊர்தான் வேறு, முகம் உள்ளூர் முகம்.

2000 பிப்ரவரியில் எச்.ஓ.டி. பெய்ஜிங்கில் இசை நிகழ்ச்சி நடத்தியது. சீனா எவ்வளவு பெரிய சந்தை என்பது அப்போதே தெரிந்துபோனது. அடுத்த ஆண்டு எஸ்.எம். நிறுவனம் பெய்ஜிங்கில் நடத்திய தேர்வில் கிடைத்தவர்தான் நடனம் படித்த ஹான் கெங். 2005 நவம்பரில் சூப்பர் ஜூனியர் குழுவில் மேடையேறினார். ஆனால் ஒரு சிக்கல். வெளிநாட்டுக் கலைஞர்கள் குறிப்பிட்ட சில தொலைக்காட்சி நிலையங்களில் மட்டுமே தோன்றலாம் என்று விசா கட்டுப்பாடு இருந்தது. மற்ற நிலையங்களில் என்ன செய்வது? முகமூடி போட்டுக்கொண்டு ஆடினார். ஆட்டம் வேண்டும், முகம் வேண்டாம். அவ்ளோதான்.

அதே முகம் 2008இல் சீனச் சந்தைக்குத் தேவைப்பட்டது. சூப்பர் ஜூனியர்-எம் என்ற துணைக்குழுவுக்கு அவரையே தலைவராக்கினார்கள். 2009 டிசம்பரில் அவர் தன் 13 ஆண்டு ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார். ஓராண்டு கழித்துத் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. நீண்ட ஒப்பந்தம் வெளிநாட்டவருக்கு மட்டுமான கொடுமை அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். அதே ஆண்டு ஜூலையில் டி.வி.எக்ஸ்.கியூ. குழுவின் கொரிய உறுப்பினர்கள் மூவரும் இதே காரணத்துக்காக வழக்குப் போட்டிருந்தார்கள். அதற்குச் சற்று முன்புதான் கொரிய வணிக ஆணையம் ஏழு ஆண்டு வரம்போடு மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வெளியிட்டிருந்தது.

வெளிநாட்டவருக்கென்றே இருக்கும் விலையைப் பார்க்க ட்சூயூவிடம் வர வேண்டும். தைவான் பெண், ட்வைஸ் குழு. ஒரு நிகழ்ச்சியில் கொரியக் கொடியோடு தைவான் கொடியையும் பிடித்தார். சீன ரசிகர்கள் கொதித்தார்கள். 2016 ஜனவரி 15 அன்று, தைவான் அதிபர் தேர்தலுக்கு முதல் நாள், கையில் காகிதத்தோடு கேமரா முன் நின்று மன்னிப்பு வாசித்தார். வயது 16. அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு அவர் பிறந்த ஊரும் ஒரு காரணம். தலைகுனிய வைத்ததும் அதே ஊர்தான்.

இந்த நிலை மாறவே இல்லையா? கொஞ்சம் மாறியிருக்கிறது. தாய்லாந்தின் லிசா 2011இல் பயிற்சிக்குப் போனவர், 2016இல் பிளாக்பிங்க்கில் அறிமுகமானார். 2024இல் சொந்த நிறுவனமே தொடங்கிவிட்டார். ஒரு நிறுவனத்தைவிட ஒரு பெயர் பெரிதாகும்போது பேரம் பேச முடிகிறது. ஆனால் எத்தனை பேர் லிசா ஆக முடியும்? ஒடிசாவின் ஸ்ரேயா லெங்கா 2022இல் பிளாக்ஸ்வான் குழுவுக்குத் தேர்வானார். பிறகு அந்தக் குழுவில் கொரியர் ஒருவர்கூட இல்லை. ஆனாலும் அது கே-பாப்தான்.

2024இல் கதை இன்னும் ஒரு படி நகர்ந்தது. ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபனும் சேர்ந்து லாஸ் ஏஞ்சலஸில் உருவாக்கிய கேட்ஸ்ஐ குழுவின் ஆறு பேரில் ஒருவர்தான் கொரியர். இன்னொருவர் லாரா ராஜ், தமிழ்க் குடும்பத்துப் பெண். பொறியியல் படித்தவன் கண்ணுக்கு இது பழகிய காட்சி: வரைபடம் கைக்கு வந்துவிட்டால் ஆலையை எங்கு வேண்டுமானாலும் கட்டலாம். தேர்வு, பயிற்சி, தங்குமிடம், அறிமுகம் என்ற அந்த முறையைத்தான் கொரியா இப்போது ஏற்றுமதி செய்கிறது.

லாரா பொட்டு வைத்துக்கொண்டே மேடையேறுகிறார். ஹான் கெங்கின் முகமூடியிலிருந்து அந்தப் பொட்டு வரை ஏறக்குறைய இருபது ஆண்டுகள். மறைக்க வேண்டியதாக இருந்த அடையாளம் இன்று காட்ட வேண்டியதாகிவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அதைக் காட்டுவதும் மறைப்பதும் யார் முடிவு? நம்ம வீட்டுத் தங்கச்சி ஒருத்தி நாளைக்கு ஆடிஷனுக்குக் கிளம்பினால் நான் தடுக்க மாட்டேன். ஒப்பந்தம் எத்தனை வருஷம், மன்னிப்பு கேட்கச் சொன்னால் மறுக்க முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்வேன்.