முந்திரியில் தொடங்கிய கணக்கு

இருபதில் ஒன்றையும் பதினாறில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், இன்றைய பள்ளிப் பிள்ளை முதலில் மீச்சிறு பொது மடங்கைத் தேடும். 19ஆம் நூற்றாண்டின் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற கணக்குப் பாடநூலை முடித்த சிறுவனுக்கு அது மனக்கணக்கு. இருபதில் ஒன்று ஒரு மா. அதில் 16 முந்திரி. பதினாறில் ஒன்று ஒரு மாகாணி; அதில் 20 முந்திரி. கூட்டினால் 36 முந்திரி.

ஒன்றை 320 சம பங்காக்கினால் ஒரு பங்குதான் முந்திரி. இரண்டு முந்திரி அரைக்காணி, நான்கு முந்திரி காணி, நான்கு காணி ஒரு மா. அந்த மாவோடு இன்னொரு காணி சேர்ந்தால் மாகாணி. அங்கிருந்து இரட்டித்துக்கொண்டே போனால் அரைக்கால், கால், அரை, ஒன்று. மாவை இரட்டித்தாலோ பத்தில் ஒன்றான இருமாவும், ஐந்தில் ஒன்றான நாலுமாவும் கிடைக்கும். பாதியாக்கும் வழியும் ஐந்தாக்கும் வழியும் முந்திரியில் வந்து சந்திக்கின்றன.

இந்த அளவுகள் ஏட்டோடு நிற்கவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள், வரி கட்ட வேண்டிய நிலத்தை வேலி என்ற நில அளவிலும் அதன் பின்னங்களான மா, காணி, முந்திரிகை (முந்திரி) ஆகியவற்றிலும் கணக்கிட்டு, முந்திரியையும் மேலும் பகுத்து எழுதுகின்றன. முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி: ஒன்றில் 1,02,400இல் ஒரு பங்கு!

திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலைக்கு வந்தார்கள். ஒருவர் சொல்ல மற்றவர்கள் உரக்கத் திருப்பிச் சொல்வதே பாடம். பொன்னிலக்கம் என்ற எண் பாடத்தில் முந்திரி முதல் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு ஏறுவார்கள். நெல்லிலக்கம் என்ற பாடமோ வீட்டிலிருக்கும் முகத்தலளவைகளையே பாடமாக்கியது. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, அதாவது ஒரு படி. அரை, கால், அரைக்கால் மூன்றும் கையில் எடுத்து நெல் அளக்கும் பாத்திரங்களாகவே இருந்தன.

குறைகளும் உண்டு. 320ஐ மூன்றால் மீதியின்றி வகுக்க முடியாது. மூன்றில் ஒரு பங்குக்கு இந்த வரிசையில் இடமில்லை. பாடம் மறந்தால் பிரம்படி. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான பெண் பிள்ளைகளுக்கும் அந்தத் திண்ணை எட்டவே இல்லை.

ரூபாய்க்குப் 16 அணா இருந்தவரை மாகாணிக்குச் சந்தையில் வேலை இருந்தது. ஓரணா என்பதே ரூபாயில் மாகாணிதான். 1957 ஏப்ரல் 1 அன்று ரூபாய் 100 நயா பைசாவானது. அடுத்து மெட்ரிக் அளவைகள் வந்து படியையும் உழக்கையும் கடையிலிருந்து ஒதுக்கின. காவிரிப் படுகையில் மட்டும் உழவர்கள் இன்றும் நிலத்தை மாக்கணக்கில் பேசுகிறார்கள். மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். பழைய பின்னக் குறியீடுகள் 2019இல் யூனிகோடில் சேர்ந்துவிட்டதால், கணினியிலும் அவற்றை எழுதலாம்.

நெல்லிலக்கத்தின் முறையை மட்டுமாவது வகுப்பறைக்கு மீட்டுக் கொண்டுவர வேண்டும். ஒரு படியும் ஓர் ஆழாக்கும் கொஞ்சம் அரிசியும் போதும். எட்டு முறை அளந்து கொட்டிப் படியை நிரப்பிய பிள்ளைக்கு, எட்டில் ஒன்று எவ்வளவு என்பதைக் கரும்பலகையில் விளக்க வேண்டியிருக்காது.