பைண்டிங் கடைப் பையனை விஞ்ஞானியாக்கிய புத்தகம்

1/
போன வாரம் வார்டு ரவுண்ட்ஸ். காய்ச்சலுக்கு அட்மிட் ஆகியிருந்த ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன், மனித உடல் பற்றிய சிறுவர் புத்தகத்தில் மூழ்கியிருந்தான்.

"பாடத்தை விட்டுட்டு இதையே படிக்கிறான் சார். மார்க்குக்கு உதவுமா? நீங்களாவது சொல்லுங்க" என்றார் அப்பா.

அவருக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

2/
மைக்கேல் ஃபாரடே. 1791ல் லண்டன் பக்கம் பிறந்தவர். அப்பா கொல்லர், அடிக்கடி உடம்புக்கு முடியாதவர். பையனுக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு எழுத, படிக்க, கொஞ்சம் கணக்கு. அவ்வளவுதான்.

1805ல், 14 வயதில், புத்தக பைண்டிங் கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். ஏழு வருட ஒப்பந்தம்.

3/
பைண்டிங்குக்கு வரும் புத்தகங்களைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தார். முதலாளியும் தடுக்கவில்லை. அப்படிக் கையில் கிடைத்ததுதான் ஜேன் மார்செட் எழுதிய வேதியியல் உரையாடல்கள். 1806ல் வந்த நூல்.

4/
இந்த ஜேன் மார்செட் யார் தெரியுமா? ஒரு டாக்டரின் மனைவி. ஹம்ஃப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் உரைகளைக் கேட்கப் போனார். முதலில் சரியாகப் புரியவில்லை. நண்பர் ஒருவரோடு பேசிப் பேசித்தான் புரிந்தது.

அதையே புத்தகமாக்கினார். ஒரு டீச்சர், கேள்வி கேட்கும் இரண்டு சிறுமிகள். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு மூடியிருந்த காலம் அது. புத்தகத்தில் தன் பெயரைக்கூடப் போடவில்லை.

5/
ஃபாரடே அதைப் படித்துவிட்டு அப்படியே நம்பிவிடவில்லை. கையில் இருந்த சில்லறைக் காசில் பொருள் வாங்கிச் சின்னச் சின்ன சோதனைகள் செய்து பார்த்தார். புத்தகம் சொன்னதும் கண்ணில் கண்டதும் ஒத்துப்போனது. அங்கேதான் பிடி கிடைத்தது.

6/
1812ல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒருவர் அதே டேவியின் உரைகளுக்கு டிக்கெட் கொடுத்தார். ஃபாரடே குறிப்பெடுத்தார், எழுதினார், தானே பைண்டிங் செய்து டேவிக்கு அனுப்பினார்!

1813ல் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை.

7/
1831ல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தார். கம்பிச் சுருளுக்குள் காந்தத்தை அசைத்தால் மின்சாரம் வரும். கரண்ட் போனதும் எங்கள் ஆஸ்பத்திரியில் ஓடத் தொடங்கும் ஜெனரேட்டரும் இன்றுவரை இந்தத் தத்துவத்தில்தான் ஓடுகிறது.

8/
பட்ட கடனை அவர் மறக்கவில்லை. தன் ஆய்வுக் கட்டுரைகளை நன்றிக் காணிக்கையாக மார்செட்டுக்கு அனுப்பினார்.

பிள்ளைகளுக்காக நடக்கும் கிறிஸ்துமஸ் அறிவியல் உரைகளை 19 முறை அவரே நடத்தினார். கடைசியாக 1860-61ல் எடுத்த தலைப்பு, ஒரு மெழுகுவர்த்தி! 1861ல் அது புத்தகமாகவும் வந்தது.

9/
அதில் என்னைக் கவர்ந்த இடம் முடிவுதான். மெழுகுவர்த்தியும் ஆக்சிஜனை எடுத்து கார்பன் டை ஆக்சைடைத் தருகிறது. நாமும் அப்படியே. நம் உடம்பில் தீ இல்லை, மெதுவாக நடக்கிறது. எம்பிபிஎஸ் முதல் வருடம் பயோகெமிஸ்ட்ரியில் நான் முட்டி மோதிப் படித்த விஷயத்தின் ஆரம்பம் இது. அவர் அதைச் சிறு பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டார்.

10/
படிக்கிற எல்லாப் பிள்ளையும் ஃபாரடே ஆகாது. ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் சொன்னதைச் சோதித்துப் பார்க்கும் பழக்கம் வந்தால், நாளைக்கு வாட்ஸப்பில் வரும் வைத்தியத்தையும் கேள்வி கேட்கும். ஒரு டாக்டராக எனக்கு அதுவே போதும்.

11/
புத்தகம் வாங்கும்போது இரண்டே விஷயம் பாருங்க. "இது இப்படி" என்பதோடு நிற்காமல், "எப்படிக் கண்டுபிடித்தார்கள்" என்று சொல்கிறதா? பிள்ளை தானே செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

காசு இடிக்கிறதா? பக்கத்து அரசு நூலகத்தில் பிள்ளையை உறுப்பினராகச் சேர்த்துவிடுங்க. ஃபாரடே படித்ததும் அடுத்தவர் புத்தகம்தான்.