ரோடு ஒரு விருந்தாளி

க்ளேசியர் தேசியப் பூங்காவுக்குப் போகணும்னு சியாட்டிலிலிருந்து காரில் கிளம்பியிருந்தோம். மொன்டானாவில் மிசூலாவைத் தொட்டு, யூ.எஸ். 93 நெடுஞ்சாலையில் வடக்கே திரும்பினால் கொஞ்ச தூரத்தில் ஈவாரோன்னு ஒரு சின்ன ஊர். அதைத் தாண்டினதும் தலைக்கு மேல ஒரு பாலம். பாலத்து மேல ரோடு இல்லை, புல்லும் செடியும்தான். "காண்ட்ராக்டர் காசை வாங்கிட்டு ரோடு போடாம ஓடிட்டான் போல"ன்னான் கூட வந்த நண்பன். நம்ம ஊர் புத்தி எங்க போகும் :-)

அது மிருகங்கள் சாலையைக் கடக்கறதுக்குன்னே கட்டின பாலம். சுமார் 60 மீட்டர் அகலம். வீட்டுக்கு வந்து அதைப் பத்தித் தேட ஆரம்பிச்சா, 1855 வரைக்கும் போகுது கதை. வாங்க, கொஞ்சம் கொசுவத்தி சுத்துவோம்.

ஈவாரோவிலிருந்து போல்சன் வரை இந்தச் சாலை 56 மைல். அத்தனையும் ஃப்ளாட்ஹெட் ரிசர்வேஷனுக்குள்ள போகுது. (ரயில் டிக்கெட் ரிசர்வேஷனும் இல்லை, நம்ம இட ஒதுக்கீடும் இல்லை. பூர்வகுடிகளுக்குன்னு ஒப்பந்தம் போட்டு விட்டு வெச்ச நிலம்.) சாலிஷ், கூட்டனை, பெண்ட் டோரெய்ன்னு மூணு இனத்தார் 1855-ல் ஹெல்கேட் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு, பெரும் நிலப்பரப்பை விட்டுக்கொடுத்துட்டு, சுமார் 13 லட்சம் ஏக்கரைத் தங்களுக்குன்னு வெச்சுக்கிட்டாங்க. தெற்கே பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் மிச்சம் இருந்த சாலிஷ் மக்களையும் 1891-ல் இங்கே கொண்டுவந்து விட்டுட்டாங்க. அப்புறம் 1904-ல் ஒரு சட்டம் வந்து நிலத்தைத் துண்டு போட்டது. 1910-ல் 'மிச்ச' நிலத்தை வெளியாட்களுக்குத் திறந்துவிட்டாங்க. சொந்த ரிசர்வேஷனுக்குள்ளயே பூர்வகுடிகள் சிறுபான்மை ஆகிப்போனாங்க.

இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, இது தெரியாம ரோட்டுக் கதை புரியாது.

யூ.எஸ். 93 இங்கே பெரும்பாலும் இரண்டே தடம். கோடைகாலத்தில் க்ளேசியருக்கும் ஃப்ளாட்ஹெட் ஏரிக்கும் போற கூட்டம், மரம் ஏத்தின லாரி, டிராக்டர், குறுக்கே ஓடுற மான் எல்லாம் அதே இரண்டு தடத்தில்தான். 'நான் 93-ல் வண்டி ஓட்டுகிறேன், எனக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள்' என்று காருக்குப் பின்னாடி ஸ்டிக்கர் ஒட்டிக்கற அளவுக்குப் பேர் போன சாலை. விபத்தும் நெரிசலும் கற்பனை இல்லை. மாநில நெடுஞ்சாலைத் துறை சொன்ன தீர்வு, பெரும்பாலான இடங்களில் நாலு தடமா அகலப்படுத்தறது.

இங்கதான் சட்டம் உள்ளே வருது. 1970 ஜனவரி 1-ஆம் தேதி நிக்சன் கையெழுத்துப் போட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம். மத்திய அரசு கை வைக்கிற பெரிய திட்டம்னா, அதால என்ன பாதிப்பு, மாற்று வழி என்னென்ன, ஒண்ணுமே செய்யாம விட்டா என்ன ஆகும், எல்லாத்தையும் எழுதி மக்கள் முன்னாடி வைக்கணும். ஆனா ஒரு நுணுக்கம் இருக்கு. நல்ல முடிவைத்தான் எடுக்கணும்னு இந்தச் சட்டம் கட்டாயப்படுத்தாது. என்ன செய்யறேன்னு தெரிஞ்சுக்கிட்டுச் செய், அவ்வளவுதான்.

1996-ல் அந்த அறிக்கை முடிஞ்சுது. எத்தனை தடம்ங்கற கேள்வி மட்டும் முடியலை. பூர்வகுடிகளின் அரசு நாலு தடத்துக்கு ஒத்துக்கலை. அகலமான ரோடு வந்தா வேகம் வரும், வேகம் வந்தா ரியல் எஸ்டேட் வரும், மிச்சம் இருக்கிற நிலமும் கலாசாரமும் கரையும்னு அவங்க கவலை. 1910-ஐப் பார்த்த குடும்பங்களுக்கு இது வெறும் யூகமா என்ன? கடைசியில் மாநிலம், மத்திய நெடுஞ்சாலை நிர்வாகம், பூர்வகுடிகள் மூணு தரப்பும் வடிவமைப்பில் ஒத்துப்போகாம பெரிய கட்டுமானம் இல்லைன்னு நின்னுபோச்சு.

இதைப் படிச்சப்ப எனக்கு முதல்ல கோபம்தான் வந்தது. ரோட்டில் ஜனங்க செத்துக்கிட்டு இருக்காங்க, நீங்க கூட்டம் போட்டுப் பேசிக்கிட்டு இருக்கீங்களான்னு. இந்தக் கேள்வி நியாயமானது, இப்பவும் அதை நான் விடலை. தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு. அந்த விலையை ரோட்டில் போனவங்கதான் கொடுத்தாங்க.

ஆனா நின்ன அந்த நேரத்தில் நடந்ததையும் சொல்லணும். சியாட்டிலைச் சேர்ந்த ஜோன்ஸ் அண்ட் ஜோன்ஸ் என்ற நிலவடிவமைப்பு நிறுவனம் உள்ளே வந்தது. 1970களில் உட்லண்ட் பார்க் மிருகக்காட்சி சாலையில் கொரில்லாக்களுக்குக் காடு மாதிரியே இடம் அமைச்சு பேர் வாங்கினவங்க. பூர்வகுடிகளோட உட்கார்ந்து அவங்க உருவாக்கின அடிப்படை ரொம்ப எளிமை: இந்த நிலத்துக்கு ரோடு ஒரு விருந்தாளி, விருந்தாளி மாதிரி நடந்துக்கணும். 2000 டிசம்பரில் மூணு அரசுகளும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாங்க.

எல்லா இடத்திலும் ஒரே அகலம்ங்கற யோசனை போச்சு. சில இடத்தில் நாலு தடம், நிறைய இடத்தில் இரண்டு தடம், முந்திப்போக நடுநடுவே கூடுதல் தடம். நிலம் வளையற இடத்தில் ரோடும் வளையும். சுமார் 40 இடங்களில் மிருகங்களும் மீன்களும் கடக்க வழி, பெரும்பாலும் ரோட்டுக்கு அடியில். மேலே போறது அந்த ஈவாரோ பாலம் ஒண்ணுதான். ஊர், ஆற்றுப் பேர்ப்பலகைகளில் சாலிஷ், கூட்டனை மொழிகளும் வந்துச்சு. பெரும்பகுதி வேலை 2004-லிருந்து 2010-க்குள் முடிஞ்சது.

பலன்? 2010 முதல் 2015 வரை 29 வழிகளில் கேமரா வெச்சுக் கண்காணிச்சாங்க. வருஷத்துக்கு 20,000 தடவைக்கு மேல மிருகங்கள் பத்திரமா கடந்திருக்கு. பெரும்பாலும் வெள்ளைவால் மான்கள், கூடவே கரடி, மலைச்சிங்கம், நம்ம வீட்டு நாய் பூனை வரைக்கும். இன்னொரு பாடமும் கிடைச்சது: பாலம் மட்டும் போதாது, வேலி வேணும். 5 கிலோமீட்டருக்குக் குறையாத வேலி இருந்தா மோதல்கள் 80 சதவீதத்துக்கு மேல குறையுது, குட்டை வேலிகளில் சராசரி பாதிதான். மான் மோதலைன்னா மனுஷனும் பிழைக்கிறான். பாதுகாப்பும் சுற்றுச்சூழலும் எதிரெதிர்க் கட்சின்னு நினைச்சுக்கிட்டிருந்த என் தலையில் குட்டு வெச்சது இந்தக் கணக்குதான்.

எல்லாம் சுபம்னு முடிச்சா பொய் சொன்ன மாதிரி ஆயிடும். நடுவில் நைன்பைப்னு ஒரு பகுதி, சுற்றிலும் பனிப்பாறைகள் விட்டுப்போன குட்டைகள். ரோட்டைக் கடக்கும் வண்ண ஆமைகள் அங்கே நூற்றுக்கணக்கில் நசுங்கிச் சாகுது. மிஷன் மலையிலிருந்து இறங்கற கிரிஸ்லி கரடிகளும் அடிபடுது. சிக்கலான இடம்னு அதைத் தனியாப் பிரிச்சு, துணை அறிக்கை தயாரிச்சு 2008-ல் முடிச்சாங்க. அறிக்கை வந்துச்சு, பணம் வரலை. 2021-ல் உள்கட்டமைப்புச் சட்டம் விலங்குவழிகளுக்குன்னு 35 கோடி டாலர் ஒதுக்கி, அதிலிருந்து 2023 டிசம்பரில்தான் அங்கே ஒரு மேம்பாலத்துக்கு 86 லட்சம் டாலர் அறிவிச்சாங்க.

யோசிச்சுப் பார்த்தா, கேள்வியைக் கேட்டது அந்த அறிக்கை. பதில் சொல்லியே ஆகணும்னு உட்கார வெச்சது, இது எங்க நிலம்னு சொல்ல முடிஞ்ச ஒரு அரசு. அந்த உரிமை இல்லாத ஊரில் அதே அறிக்கை அலமாரியில் தூங்கும். கருத்துக்கேட்புக் கூட்டம் ஒண்ணு நடக்கும், டீ பிஸ்கட் கொடுப்பாங்க, அடுத்த மாசம் புல்டோசர் வந்து நிக்கும்.

திரும்பி வரும்போது அந்தப் பாலத்துக்கு அடியில் வண்டியை மெதுவாக்கி அண்ணாந்து பார்த்தேன். ஒரு மான்கூட இல்லை. பகல்ல எதுக்கு வரப்போகுது, நாங்க எல்லாம் போனப்புறம் வரும்.

சரி மக்களே, ஆணி கூப்பிடுது. உங்க ஊர் ரோடு அகலமானப்ப உங்களை யாராவது கேட்டாங்களா? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.