ஷெர்லி அக்காவும் எங்க அப்பத்தாவும்

போன மாசம் அப்பத்தாவோட வருஷத் திதிக்கு, வீட்டு இங்க்ஜெட்லயே அவங்க படத்தை ஏ4 சைஸுல போட்டேன். மானிட்டர்ல நிறைவா இருந்த முகம், பேப்பர்ல வந்தப்ப கன்னம், நெத்தி, கழுத்து எல்லாம் ஒரே கருப்புத் திட்டு. அப்பா வாங்கிப் பார்த்துட்டு "எங்கம்மா மாதிரியே இல்லியேடா"ன்னார். இத்தனைக்கும் நண்பர்கிட்ட ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் இரவல் வாங்கி (பேரைச் சொல்றதுக்குள்ள மூச்சு வாங்குது) நானே ப்ரொஃபைல் போட்ட பிரிண்டர் அது. இஞ்சினியர்னு சொல்லிக்கவே வெக்கமா போச்சு.

ப்ரொஃபைல்னா வேற ஒண்ணுமில்ல மக்களே. தெரிஞ்ச எண்கள் கொண்ட நிறக்கட்டங்களை, எந்த நிறத் திருத்தமும் இல்லாம அச்சடிச்சு, மை காய்ஞ்சதும் அளக்கணும். 'இந்த எண்ணைக் கொடுத்தா இந்தப் பேப்பர்ல இந்த நிறம் வருது'ங்கிற அட்டவணைதான் ப்ரொஃபைல். நடுவுல விட்டுப்போன நிறங்கள் எல்லாம் ஊகக் கணக்கு. நம்ம பாஷையில, சார்ட்டுங்கிறது டெஸ்ட் கேஸ் தொகுப்பு. எழுதாத கேஸ்லதான் பக் உக்காந்திருக்கும்.

எந்தக் கேஸை எழுதுறது? இதுக்குப் பின்னாடி ஒரு பழைய கதை இருக்கு.

அமெரிக்காவுல கோடக் கம்பெனி, கலர் ஃபிலிமோட விலையிலேயே கழுவுற கூலியையும் சேர்த்து வித்துக்கிட்டு இருந்தது. ஏகபோகம்னு அரசாங்கம் பிடிச்சதால 1954ல அதை நிறுத்த ஒத்துக்கிட்டாங்க. தனியார் லேப்கள் முளைச்சது. எல்லா லேப்லயும் ஒரே மாதிரி நிறம் வரணுமே? ஒரு மாதிரி நெகட்டிவ், அதோட சரியான பிரிண்ட் ரெண்டையும் கோடக் அனுப்பி வெச்சது. படத்துல ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாடல் பேரு ஷெர்லி. அப்புறம் ஆள் மாறினாலும் அட்டைக்கு 'ஷெர்லி கார்டு'ன்னே பேர் நின்னுபோச்சு. ஷெர்லி தோல் சரியா வந்தா மெஷின் பாஸ். ஒரே ஒரு டெஸ்ட் கேஸ்!

விளைவு, கறுப்பின மக்கள் முகத்துல விவரமே இல்லாத படங்கள். பழி முழுக்க கார்டு மேல இல்லை, ஃபிலிமே அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருந்தது. கனடா ஆய்வாளர் லோர்னா ராத் 2009ல வெளியிட்ட கட்டுரையில, முன்னாள் கோடக் ஆசாமி ஒருத்தர் சொன்னதைப் படிச்சப்ப சிரிக்கிறதா அழறதான்னு தெரியல. பிரவுன் நிறங்கள் பிரிஞ்சு தெரியலைன்னு அழுத்தம் கொடுத்தது சாக்லேட் கம்பெனிகளும் மர ஃபர்னிச்சர் கம்பெனிகளுமாம்! வெவ்வேற இனப் பெண்கள் சேர்ந்து இருக்கிற கார்டை கோடக் விட்டது 90களின் நடுவுலதான்.

இதுக்கு இடையில 1976ல மேக்பெத் கம்பெனியோட கலர்செக்கர் வந்தது. 24 கட்டம், அதுல முதல் கட்டமே கருமையான தோல் நிறம். பார்த்ததும் எனக்குச் சந்தோஷம். ஆனா அது கேமராவுக்கு. அதை அச்சடிச்சு பிரிண்டருக்கு ப்ரொஃபைல் போடலாம்னு கிளம்பிடாதீங்க, பத்தாது.

அச்சு இயந்திரங்களுக்கு 1993ல ஐடி8.7/3 சார்ட், 928 கட்டம். அப்புறம் இசிஐ2002, 1485 கட்டம். 2005ல ஐடி8.7/4, 1617 கட்டம். இதெல்லாம் நாலு மை கணக்கு. வீட்டு இங்க்ஜெட்டோட டிரைவர் பொதுவா ஆர்ஜிபிதான் வாங்கும், அதனால நமக்கு உதவாது.

நான் செஞ்ச தப்பு சோம்பேறித்தனம். ஒரே தாள்ல அடங்கணும்னு 200 கட்டம், சம இடைவெளியில. அடர் பிரவுன் பக்கம் விரல் விட்டு எண்ணிடலாம். அப்பத்தா முகம் முழுக்க ஊகக் கணக்குல விழுந்துடுச்சு. ஷெர்லி கார்டைத் திட்டிக்கிட்டே நானும் அதையேதான் செஞ்சிருக்கேன்.

ரெண்டாவது தடவை, கிரேம் கில் எழுதின இலவச மென்பொருளான ஆர்கில்சிஎம்எஸ். அதுல டார்ஜென்னு ஒரு கருவி, சார்ட்டை நாமளே தயாரிக்கலாம். பழைய ப்ரொஃபைலை வழிகாட்டியா கொடுத்து, இருட்டுப் பகுதியிலயும் சாம்பல் நிறத்துலயும் கட்டங்களை அள்ளிப் போடச் சொன்னேன். 800 கட்டம், நாலு தாள். அதே மேட் பேப்பர், அதே டிரைவர் செட்டிங். ராத்திரி முழுக்கக் காயவெச்சு, காலையில வரிசை வரிசையா அளந்து முடிக்கிறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுபோச்சு.

புதுப் படத்துல கன்னத்துச் சுருக்கமும் மூக்குத்தி மினுக்கும் தெரிஞ்சுது. சுங்குடிச் சேலையோட அரக்கு மட்டும் இன்னும் கொஞ்சம் மங்கல்தான். அப்பா அதைக் கவனிக்கல. வாங்கினவர் திருப்பித் தரவும் இல்ல.