சங்கு நின்ற பிறகு வாங்கிய வீடு

1998 தை மாதம், ஓட்டேரி குக்ஸ் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் கால் கிரவுண்டு மனையும் அதன்மேல் நின்ற பழைய வீடும் என் பேருக்குக் கிரயம் ஆயின. விலை மூன்று லட்சத்து இருபதாயிரம். பி அண்டு சி மில் 1996இல் மூடியிருந்தது. தெருவுக்கு நாலு வீட்டுச் சுவரில் ‘வீடு விற்பனைக்கு’ என்று கரியால் எழுதிவைத்திருந்த நேரம். கொளத்தூர், செங்குன்றம், அம்பத்தூர் என்று ஜனம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது.

“மில்லே போயிடுச்சு. எல்லாரும் வெளிய போறாங்க, நீ இன்னாத்துக்கும்மா உள்ள வர்ற?” என்றார் அப்பா. அந்த மில்லில் முப்பத்தோரு வருஷம் தறி ஓட்டியவர். தறிச் சத்தத்தில் வாயசைவைப் பார்த்தே பேசிப் பழகியவர் என்பதால், வீட்டிலும் ஆளின் முகத்தைத் திருப்பிவைத்துக்கொண்டுதான் பேசுவார். அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். நான் பட்டாளத்தில் ஒண்டுக்குடித்தனத்தில் பிறந்து வளர்ந்தவள். பதினோரு குடும்பத்துக்கு ஒரு குழாய். சொந்தமாக ஒரு வாசற்படி வேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்த ஏக்கம். அது நான் பாடம் நடத்தும் பள்ளிக்கும் அப்பா தினமும் நடக்கும் தெருக்களுக்கும் பக்கத்தில் கிடைத்தது. விலை இறங்கியதால்தான் கிடைத்தது என்பதையும் நான் மறைக்கவில்லை. மில் ஓடிக்கொண்டிருந்திருந்தால் அந்தச் சந்தில் என் சம்பளத்துக்குக் கதவுகூட வாங்கியிருக்க முடியாது.

இந்தப் பக்கம் முழுவதும் மில் போட்ட ஊர்தான். பக்கிங்காம் மில் 1870களில் வந்தது, கர்னாடிக் மில் அதை ஒட்டி 1880களில். தாது வருஷப் பஞ்சம் செங்கல்பட்டுச் சீமையையும் வட ஆற்காட்டையும் காலி செய்த காலத்துக்கும் முதல் மில் கட்டிய காலத்துக்கும் இடைவெளியே கிடையாது. பட்டணம் போனால் கூலி உண்டு என்று வந்த ஜனம் ஓட்டேரி நல்லா என்ற ஓடையின் ஓரத்திலும் செங்கல் சூளைப் பள்ளங்களிலும் குடிசை போட்டது. பிரிக்கில்ன் ரோடு என்று இன்றைக்கும் பேர் இருக்கிறதே, சூளை எரிந்த இடம் அது. ஒரு பக்கம் ரயில்வே பட்டறை, இன்னொரு பக்கம் மில். இரண்டு மில்லையும் நடத்திய பின்னி கம்பெனி 1920இல் அவற்றை ஒன்றாக்கியது; அதுதான் பி அண்டு சி. இங்கே நெய்த காக்கித் துணி முதல் உலகப் போரில் சிப்பாய்கள் உடம்பில் ஏறியது. அப்பாவிடம் ஒரு காக்கி டிரில் துண்டு இருந்தது. சூடான பாத்திரம் இறக்கப் பிடிதுணியாக அம்மா அதைத்தான் வைத்திருந்தாள். இருபது வருஷம் துவைத்தும் சாயம் இறங்கவில்லை.

ஊருக்குக் கடிகாரம் மில் சங்குதான். காலைச் சங்குக்கு உலை வைப்பார்கள், மத்தியானச் சங்குக்குத் தூக்குச்சட்டி கேட்டுக்குப் போகும். அந்தச் சாப்பாட்டு வேளையில் தொடங்கியதுதான் சென்னைத் தொழிலாளர் சங்கம். சாப்பிட விடும் நேரம் போதவில்லை என்று மில் ஆட்கள் பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரிடமும் ராமானுஜலு நாயுடுவிடமும் குறை சொன்னார்கள். அவர்கள் பி.பி. வாடியாவை அழைத்துவந்தார்கள். 1918 ஏப்ரல் 27 அன்று சங்கம் பிறந்தது. வாடியா தலைவர், துணைத் தலைவர்களில் ஒருவர் திரு.வி.க. முறையாக அமைந்த இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் அது. நிர்வாகம் உயர் நீதிமன்றத்துக்குப் போய்ச் சங்கத் தலைவர்களுக்கு எதிராகத் தடை வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமாகிவிடும் போலிருந்த அந்த நிலையிலிருந்து கிளம்பிய குரல்தான் 1926இன் தொழிற்சங்கச் சட்டம் வரைக்கும் போனது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது அவர்கள் நம்புவதில்லை. “நம்ம ஓட்டேரியிலயா டீச்சர்?” என்பார்கள். ஆமாம், உங்கள் ஆயா தண்ணீர் பிடித்த தெருவில்தான்.

இந்தக் கதையின் அடுத்த பக்கத்தைப் பலரும் வேகமாகப் புரட்டிவிடுவார்கள். 1921இல் ஆறு மாத வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் பெரும்பாலோர் பாதியில் வேலைக்குத் திரும்பினார்கள். கடன்பட்டு, நிலமில்லாமல் வந்த ஜனத்துக்கு எத்தனை நாள் பட்டினி தாங்கும்? புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஒரே தறிக் கொட்டகையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டார்கள். போலீஸ் சுட்டது, ஆட்கள் செத்தார்கள். வேலைநிறுத்தம் தோற்றது.

இது பழங்கதை என்று நானும் நினைத்திருந்தேன், வீடு தேடிப் புறப்படும் வரை. தரகர் என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது ஒரு தெருமுனையில் நின்றார். “அந்தப் பக்கம் வேணாம் டீச்சர், விலை கம்மிதான், ஆனா...” என்று குரலைத் தாழ்த்தினார். மேற்கொண்டு சொல்லவில்லை. இரண்டு தெருவும் ஒரே அகலம், ஒரே குழாய்த் தண்ணீர், மழைக்கு ஒரே மாதிரி முழங்கால் தண்ணீர். ஆனால் சதுர அடிக்கு நூறு ரூபாய் வித்தியாசம். மில் போன பிறகும், சங்கு போன பிறகும், எழுபத்தேழு வருஷத்துக்கு முன் எரிந்த தெருக்களின் எல்லை மட்டும் அவர் நாக்கில் அப்படியே இருந்தது. நான் வாங்கிய வீடு அந்தத் தெருமுனைக்கு அப்பால்தான் இருக்கிறது. முன்பணம் கொடுத்த அன்றைக்குத் தரகரின் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வீட்டுக் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். அவர்கள் அனுப்பிய இன்ஜினியர் கூரையை அண்ணாந்து பார்த்தார், கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். பி.எஃப். முன்பணம், அம்மாவின் இரட்டைவடம், இரண்டு சீட்டுப் பணம் என்று சேர்த்துத்தான் பத்திரம் முடிந்தது.

அந்தக் கூரை மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரம், அதன்மேல் சின்னச் சின்னச் செங்கல்லைக் குறுக்காகச் செங்குத்தாக நிறுத்தி, சுண்ணாம்புக் கலவையில் கோர்த்து, அதற்குமேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்திருப்பார்கள். மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவது பெண்கள் வேலை. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துக்கொண்டே தட்ட வேண்டும். மேலே தட்டோடு. 1999 மழையில் ஒரு உத்திரத்தின் முனை சுவருக்குள்ளேயே இற்றுப்போனது தெரிந்தது. பக்கத்து வீட்டார் எல்லாம் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொன்னார்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடி இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் வியாசர்பாடியில் ஒருவர் கிடைத்தார். எழுபது வயது இருக்கும். சுண்ணாம்பை விரலில் எடுத்து உருட்டிப் பார்த்து, “இன்னும் ஒரு வாரம் ஊறணும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து வந்தார், உருட்டிப் பார்த்தார், மறுபடியும் “நாலு நாள்” என்றார். அவருடைய மருமகள்தான் தட்டினாள். அந்த டொக் டொக் சத்தம் கேட்டு அப்பா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார், மூன்று நாளும். எந்தச் சத்தத்தைக் கேட்டு உட்கார்ந்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. அந்த இடத்தில் இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

எனக்கு விற்ற பெரியவர் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். கிரயத்துக்கு முந்தின நாள் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் அடுப்பு மேடைக்குக் கீழே சுவரில் அடித்திருந்த ஒரு ஆணியைக் காட்டினார். “எண்பத்தஞ்சுல இது வரைக்கும் வந்துச்சும்மா. நல்லா பொங்கினா இதான் அளவு. தெரிஞ்சே வாங்குங்க.” எண்ணெய்ப் பிசுக்கில் கறுத்துப்போன இரண்டு அங்குல ஆணி. அவர் காட்டியிருக்க வேண்டியதே இல்லை. அவரிடம் நான் பத்தாயிரம் குறைத்துக் கேட்டிருந்தேன், அந்த ஆணியைப் பார்த்த பிறகு குறைக்கச் சொல்ல மனம் வரவில்லை.

ஓட்டேரி நல்லா வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து அயனாவரம், ஓட்டேரி, புளியந்தோப்பு வழியாக வந்து பேசின் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பக்கிங்காம் கால்வாயில் விழுகிறது. கடல் ஏறி நிற்கும் நேரத்தில் கால்வாயில் தண்ணீர் நகராது, நல்லா பின்னுக்குத் தள்ளும். முதலில் நனைவது நாங்கள்தான். சென்னையின் பணக்கார இடங்களில் தண்ணீர் நின்றால் செய்தி, எங்கள் பக்கம் நின்றால் ஐப்பசி மாதம்.

மில் வளாகம் கொஞ்ச காலம் சினிமாக்காரர்களுடையதாக இருந்தது. எத்தனையோ சண்டைக் காட்சிகள் அந்தக் கொட்டகைகளில் எடுத்தவைதான். அப்பா டிவியில் பார்க்கும்போது வில்லனைப் பார்க்க மாட்டார். “அது சைசிங் செக்‌ஷன். அந்தத் தூணு பக்கம் தண்ணிப் பானை இருக்கும்” என்று விரல் நீட்டுவார். 2009இல் அவர் போய்ச் சேர்ந்தார். பிறகு அந்த நிலத்தில் அடுக்குமாடிகள் எழும்பின. இப்போது தரகர்கள் வாரம் ஒரு முறை என் கதவைத் தட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் முனையில் நின்று குரலைத் தாழ்த்திய தெருவுக்கே இப்போது விலை பேசுகிறார்கள்.

நான் வாங்கியபோது இந்த வீட்டுக்கு மூன்று படி ஏறி உள்ளே போக வேண்டும். சாலை போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு, படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போயின. இப்போது தெருவிலிருந்து ஒரு படி கீழே இறங்கித்தான் உள்ளே வர வேண்டும். சமையலறைச் சுவரில் பெரியவரின் ஆணிக்கு மேலே நான் அடித்த ஆணிகள் இரண்டு. ஒன்று 2015 டிசம்பர். இன்னொன்று 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். அது அடுப்பு மேடைக்கு நாலு விரற்கடை மேலே இருக்கிறது. போன மாதம் வீடு பார்க்க ஒரு இளம் தம்பதி வந்தார்கள். விற்கவில்லை என்று சொன்னேன். ஆனாலும் அந்தப் பெண்ணைச் சமையலறைக்குக் கூட்டிப்போய் மூன்று ஆணியையும் காட்டினேன்.