டாட்டா ஸ்டீல் தேர்தல் நன்கொடை வழக்கு (1957)

டாட்டா இரும்பு எஃகு நிறுவனம் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை அளிக்கலாமா என்பது குறித்து 1957-ஆம் ஆண்டு பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு இது. நாட்டின் இரண்டாவது பொதுத்தேர்தல் நடந்த ஆண்டும் அதுவே. நிறுவனங்களின் தேர்தல் நிதி பற்றி இந்தியாவில் பின்னர் வந்த சட்டங்களைப் புரிந்துகொள்ள இவ்வழக்கிலிருந்து தொடங்குவது நல்லது.

பின்னணி

1956-ஆம் ஆண்டின் தொழிற்கொள்கைத் தீர்மானப்படி, புதிய எஃகு ஆலைகளைத் தொடங்கும் பொறுப்பு அரசுக்கு உரியதாயிற்று. எஃகின் விலையையும் அரசே நிர்ணயித்தது. ஆகவே டெல்லியில் யார் ஆள்கிறார்கள் என்பது ஓர் எஃகு நிறுவனத்திற்கு வெறும் அரசியல் செய்தி அன்று. அதன் வரவு செலவுக் கணக்கே அதில் அடங்கியிருந்தது.

ஒரு நிறுவனம் தன் அமைப்பு முறையேட்டில் கூறப்பட்ட நோக்கங்களுக்கு மட்டுமே பணம் செலவிட முடியும் என்பதை வணிகவியல் மாணவர்கள் அறிவர். டாட்டாவின் முறையேட்டில் கட்சி நன்கொடைக்கு இடமில்லை. அதைத் திருத்த நிறுவனம் நீதிமன்றத்தின் ஒப்புதலைக் கோரியது. பங்குதாரர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது.

வாதமும் தீர்ப்பும்

காங்கிரஸின் தொழிற்கொள்கை தொடர்வதைப் பொறுத்தே தன் எதிர்காலம் அமையும் என்று நிறுவனம் வெளிப்படையாகவே கூறியது. இதைவிட நேர்மையான வாதம் இருக்க முடியாது. ஆனால் நன்கொடை என்பது கைம்மாறு கருதாக் கொடை அன்று என்பதையும் அதுவே ஒப்புக்கொண்டுவிட்டது.

தலைமை நீதிபதி எம். சி. சாக்லா, சட்டத்தில் தடை ஏதும் இல்லாததால் திருத்தத்தை அனுமதித்தார். எனினும் மனநிறைவோடு அனுமதிக்கவில்லை. இளம் மக்களாட்சியின் ஊற்றுக்கண்ணையே பெருநிறுவனப் பணம் மாசுபடுத்தக்கூடும் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதில் கவனம் செலுத்த வேண்டும் என்றார். (மறு ஆண்டு முந்த்ரா விசாரணையை நடத்தி, நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகக் காரணமான அறிக்கையை அளித்தவரும் இவரே.)

1960-ஆம் ஆண்டு திருத்தச் சட்டம் உச்சவரம்பு விதித்தது: 25,000 ரூபாய் அல்லது முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 5 சதவீதம், இவற்றில் எது அதிகமோ அது. கொடுத்த தொகையை லாப நட்டக் கணக்கில் காட்டவும் வேண்டும்.

சுதந்திராக் கட்சி

1959-இல் ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். உரிமம், அனுமதி, ஒதுக்கீடு என்று அரசு தொழிலைக் கட்டுப்படுத்துவதை எதிர்த்த கட்சி அது. 1961 ஆகஸ்டில் ஜே. ஆர். டி. டாட்டா, பிரதமர் நேருவுக்கு ஒரு கடிதம் எழுதினார். காங்கிரஸுக்குத் தொடர்ந்து நிதி தருவதோடு சுதந்திராவுக்கும் தரப்போவதாகவும், வலுவான மக்களாட்சி எதிர்க்கட்சி நாட்டிற்குத் தேவை என்றும் அதில் தெரிவித்தார். அது உங்கள் விருப்பம் என்று நேரு பதில் எழுதினார். ஆனால் சுதந்திரா அத்தகைய எதிர்க்கட்சியாக வளரும் என்ற நம்பிக்கை தவறானது என்றும் குறிப்பிட்டார். யாருக்குப் பணம் தருகிறோம் என்பதை ஆளுங்கட்சித் தலைவரிடமே எழுதிச் சொல்ல முடிந்த காலம் அது.

1962 தேர்தலில் சுதந்திரா 18 மக்களவை இடங்களையும், 1967-இல் 44 இடங்களையும் பெற்றது. இரண்டாவது முறை மக்களவையின் பெரிய எதிர்க்கட்சி அதுவே.

தடையும் அதன் பின்பும்

1969-இல் இந்திரா காந்தி அரசு நிறுவன நன்கொடையை அறவே தடை செய்தது. தேர்தல் செலவு குறையவில்லை. பணம் கணக்கிலிருந்து மறைந்தது, அவ்வளவே. கட்சி மலர்களில் விளம்பரம் என்ற பெயரிலும், கறுப்புப் பணமாகவும் அது வந்து சேர்ந்தது. 1985-இல் தடை நீங்கி, 5 சதவீத வரம்பு திரும்பியது. 2013-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 7.5 சதவீதமாக உயர்த்தியது. 2017-இல் வரம்பே நீக்கப்பட்டது; எந்தக் கட்சிக்குக் கொடுத்தோம் என்று கணக்கில் காட்டவும் தேவையில்லை என்றாயிற்று. 2018 முதல் தேர்தல் பத்திரங்கள் விற்பனைக்கு வந்தன.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வாக்காளரின் தகவல் பெறும் உரிமையைச் சுட்டிக்காட்டி அத்திட்டத்தை ரத்து செய்தது. வரம்பு நீக்கமும் செல்லாது என்றது. அடுத்த மாதம், மக்களவைத் தேர்தல் நெருங்கிய வேளையில், பத்திரம் வாங்கியோர் பட்டியல் வெளியானது. முதலிடத்தில் இருந்தது ஓர் எஃகு நிறுவனம் அன்று. 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கிய, கோயம்புத்தூரைச் சேர்ந்த ஒரு லாட்டரி நிறுவனம்.